அப்பாவிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்

கேளுங்கள், கதைப்போம் – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் ஐந்து கடிதங்களை எடுத்திருக்கிறேன். மூன்று, நோயாளியைப் பற்றி வீட்டுக்காரர் எழுதியவை. ஒன்று பயிற்சியில் இருக்கும் ஒரு பிள்ளை எழுதியது. நோயாளி தன் கையால் எழுதியது ஒன்றே ஒன்று. அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஆறுதலாகப் பதில் எழுத வேண்டிய கடிதம் அது.

புதிதாக வாசிக்கிறவர்களுக்காக: நான் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட ஆஸ்பத்திரிகளில் 23 வருடம் தொழில்வழிச் சிகிச்சையாளராக இருந்தவள். வாட்டில் எங்களுக்குக் 'கைப்பயிற்சி மிஸ்' என்று பெயர். இங்கே தொழில் என்பது சம்பளத்துக்குச் செய்யும் வேலை மட்டும் இல்லை. முகம் கழுவுவது, சோறாக்குவது, கோயிலுக்குப் போவது, பேரப்பிள்ளைக்குத் தலை இழுத்துவிடுவது என்று ஒரு மனிதருக்கு நாள் முழுக்கக் கையும் மனமும் ஈடுபடுகிற எல்லாமே எங்கள் கணக்கில் தொழில்தான்.

*

'என் அப்பாவுக்கு 67 வயது. ஐந்து மாதத்துக்கு முன்னர் பாரிசவாதம் வந்து வலக்கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் இரண்டொரு சொல்தான் வருகிறது. ஒரு பந்தைத் தந்து நாளைக்கு 50 தடவை அமத்தச் சொன்னார்கள். கையில் வைத்தால் எறிந்துவிடுகிறார். ஊர்க் கூத்துக்கு மத்தளம் அடித்துத் திரிந்த மனிசன், இப்போது சாய்மனைக் கதிரையை விட்டு எழும்புவதே இல்லை. அழுதும் பார்த்தேன், ஏசியும் பார்த்தேன். அவரை எப்படிப் பயிற்சி செய்ய வைப்பது?' – ஒரு மகள், ஆரையம்பதி

மகள், உங்கள் கடிதம் நாலு பக்கம். மாத்திரைகளின் பெயர் இருக்கிறது, பிரசர் எவ்வளவு என்று இருக்கிறது, எத்தனை மணிக்குப் பந்து, எத்தனை மணிக்கு நடை என்றெல்லாம் இருக்கிறது. அப்பாவுக்குத் திரும்பவும் என்ன செய்ய ஆசை என்பது மட்டும் ஒரு வரியிலும் இல்லை. இது உங்கள் பிழை இல்லை. ஆஸ்பத்திரியில் நாங்கள் கேட்காத கேள்வி வீட்டுக்கு எப்படி வந்து சேரும்?

எனக்கு இதைக் கற்றுத்தந்தவர் ஒரு வாவி மீனவர். தோணியும் வீச்சுவலையுமாக வாழ்ந்தவர். அவருக்கும் வலப்பக்கம்தான். அவரும் பந்தை எறிந்தவர்தான். இரண்டு கிழமை நான் பந்தைப் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தேன். கொப்பியில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினேன். ஒரு நாள் அவருடைய மனைவி, 'இவர் வீட்டுல இருந்தா வலைதான் பொத்திக்கொண்டிருப்பார், மிஸ்' என்று போகிற போக்கில் சொன்னார். அடுத்த முறை வரும்போது கிழிந்த வலை ஒரு துண்டும் ஊசியும் கொண்டுவரச் சொன்னேன்.

வலையின் ஒரு முனையை யன்னல் கம்பியில் கட்டினோம். ஊசி இடக்கையில். வலக்கை வலையின் மேல் சும்மா பாரமாகக் கிடந்தது, அவ்வளவுதான். முதல் நாள் ஒரு கண்ணைக்கூட முடிக்கவில்லை, ஆனால் எறியவும் இல்லை. முக்கால் மணித்தியாலம் இருந்தார். நாலைந்து கிழமைக்குப் பிறகு முடிச்சை இறுக்குவதற்கு வலக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் நூலைப் பிடிக்க ஆரம்பித்தன. அந்தப் பிடிக்காகத்தான் நான் பந்தைக் கொடுத்தேன். பந்தைப் பத்துத் தடவை அமத்தச் சலித்த மனிதர், வலை என்றதும் நூறு தடவை விரலை மடக்கினார், கணக்குப் பார்க்காமல். பிறகு வலையைக் கொஞ்சம் உயரத்தில் கட்டினேன், நின்றுகொண்டு பொத்தினார். நிற்கும் பயிற்சி என்று தனியாக ஒன்று வைக்கவே இல்லை.

இதற்குக் காரணம் உண்டு. அடிபட்ட மூளை தன் வேலையைத் திரும்பப் பழகுவது, அந்த வேலையையே பல நூறு தடவை செய்வதால்தான். நெல்லுக் குத்தப் பழக வேண்டியவர் நெல்லுத்தான் குத்த வேண்டும். பல நூறு தடவை செய்ய மனம் வேண்டும், மனம் வர அந்த வேலை அவருக்கு வேண்டியதாக இருக்க வேண்டும்.

சரி, அப்பாவுக்கு வருவோம். இடப்பக்க மூளையில் அடிபட்டால் வலக்கையும் பேச்சும் சேர்ந்து விழுவது வழமை. பேச்சு வராவிட்டாலும் நீங்கள் சொல்வதில் நிறைய அவருக்கு விளங்கக்கூடும். ஆகவே ஆள் இல்லாதது மாதிரி அவருக்கு முன்னால் கதைக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, 'ஓம்' அல்லது 'இல்லை' என்று தலையாட்டும்படி. கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள். அவருக்குப் பதில் வர நேரம் எடுக்கும்.

கனடாவில் எங்கள் துறையினர் 1991-ல் வெளியிட்ட ஒரு முறை இருக்கிறது. நோயாளி தனக்கு முடியாமல் போன வேலைகளைத் தானே சொல்வார். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு முக்கியம் என்று பத்துக்குப் புள்ளி போடுவார். அதிலிருந்து ஐந்துக்கு மேற்படாமல் தெரிவுசெய்து, இப்போது எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று அதற்கும் பத்துக்குப் புள்ளி. சில கிழமை கழித்து மறுபடியும் அவரிடமே கேட்பார்கள். இரண்டு புள்ளி ஏறினால் அது உண்மையான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்வார்கள். புள்ளி போடுவது அவர்தான், நாங்கள் இல்லை. எண் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு நான் பத்துப் புளியங்கொட்டை வைத்திருப்பேன். ஒரு சுளகில் வேலைகளின் படங்களை வைத்து, 'எதில் எத்தனை வைப்பீங்க?' என்று கேட்பேன். பேச்சு வராதவரும் கொட்டையைத் தள்ளி வைப்பார். காத்தான்குடி உம்மா ஒருவர் பத்தையும் ஒரேயடியாக அடுப்புப் படத்தில் வைத்தார். பிறகு அவருக்கு நாங்கள் சோறு வடிக்கத்தான் பழக்கினோம். தலை இழுக்கிற பயிற்சி பிந்திக்கொண்டது.

அப்பாவின் மத்தளம் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் ஒரு பின்னேரம் துடைத்து, அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். அடியுங்கள் என்று சொல்லாதீர்கள். வேண்டுமா என்று கேளுங்கள். சிலருக்கு அது உயிர் கொடுக்கும், சிலருக்குப் பழைய கையை நினைப்பூட்டி நெஞ்சைக் கிழிக்கும். வேண்டாம் என்றால் எடுத்து வைத்துவிட்டு, வேறு என்ன என்று கேளுங்கள். ஓம் என்றால், இடக்கை அடிக்கட்டும், வலக்கையை நீங்கள் வாரின் மேல் எடுத்து வைத்துவிடுங்கள். அதிர்வு அந்தக் கைக்கும் போகட்டும். கூட ஆடின பழைய ஆட்கள் ஒருவர் இருவரை வரச்சொல்லுங்கள். வடமோடிக் கூத்தின் தாளக்கட்டை அவர்கள் வாயால் சொல்ல, அப்பாவின் வாய் அசைகிறதா என்று பாருங்கள். பேச்சு வராத சிலருக்குப் பாட்டு வரும். அதை வைத்தே பேச்சை இழுத்தெடுக்கிற சிகிச்சையும் உண்டு. பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் கூட்டிப்போகும்போது இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. அவரை எழுப்பும்போது வலக்கையைப் பிடித்தோ, கக்கத்துக்குள் கையைக் கொடுத்தோ இழுக்காதீர்கள். தசையின் பிடிமானம் இல்லாத தோள் எளிதில் இறங்கிவிடும், அந்த நோ மாதக்கணக்கில் கிடக்கும். மற்றது, பாரிசவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோயும் வருகிறது. நித்திரை இல்லை, சாப்பாடு வேண்டாம், எதிலும் பற்றில்லை, காரணமில்லாத அழுகை என்றால், அதைச் சோம்பல் என்று எண்ணி ஏசாமல் கிளினிக்கில் டொக்டரிடம் சொல்லுங்கள். அதற்கு மருந்து இருக்கிறது.

கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில், நீங்கள் ஐந்து மாதமாக அவருடைய கட்டிலடியில் நிலத்தில் படுப்பதாகவும் முதுகு பிடித்துக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தம்பியோ சித்தப்பாவோ கிழமைக்கு இரண்டு இரவு வந்து படுக்கட்டும். இதையும் மருந்துச்சீட்டு மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

*

'ஆறு மாதத்துக்குப் பிறகு கை கால் திரும்பாது என்கிறார்களே, உண்மையா? கணவருக்கு ஏழாவது மாதம்.' – ஒரு வாசகி, வாழைச்சேனை

முழுக்க உண்மை இல்லை. முதல் மூன்று மாதம் மூளை வேகமாகத் தேறும், அதற்குப் பிறகு வேகம் குறையும். ஆறாவது மாதம் கதவைப் பூட்டுகிற மாதிரி ஒன்றும் நடப்பதில்லை. தொடர்ந்து செய்கிற வேலையில் வருடம் கழித்தும் முன்னேறியவர்களைப் பார்த்திருக்கிறேன். பயிற்சியை நிறுத்தாதீர்கள், பிரசர் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். 'முற்றாகக் குணமாக்குகிறோம்' என்று எண்ணெய் விற்கிறவர்களிடம் தாலிக்கொடியை அடகு வைத்துப் போகாதீர்கள்.

*

'உம்மாவுக்குச் சீனி வருத்தத்தால் முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தது. அலைந்து திரிந்து செயற்கைக் கால் செய்து கொடுத்தோம். பத்து நாள் போட்டார். இப்போது அது அலுமாரிக்குப் பின்னால் நிற்கிறது. கேட்டால், "எனக்கு ஏலா மகன்" என்று மட்டும் சொல்கிறார். எப்படிப் போட வைக்கலாம்?' – ஒரு மகன், மருதமுனை

தம்பி, 'ஏலா' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் பத்துக் காரணம் இருக்கலாம். போட வைப்பதை விடுங்கள். முதலில் ஏன் ஏலா என்று, பக்கத்தில் இருந்து, நேரம் எடுத்துக் கேளுங்கள். நீங்கள் ஆண்பிள்ளை என்றபடியால் சொல்லாமலும் இருக்கலாம், ராத்தாவைக் கேட்கச் சொல்லுங்கள்.

நான் கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில்கள் இவை. ஒருவருக்குக் காலின் எஞ்சிய பகுதி சுருங்கி, அதைச் செருகுகிற செயற்கைக் காலின் கிண்ணத்துக்குள் ஆடி, தோல் உரிந்திருந்தது. கால் எடுத்த முதல் வருடத்தில் அந்தப் பகுதி வற்றிக்கொண்டே வரும். காலுறையைக் கூட்டிப் போட வேண்டிவரும், ஒரு கட்டத்துக்கு மேல் கிண்ணத்தையே மாற்ற வேண்டும். அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இன்னொருவருக்கு ஐந்து நேரத் தொழுகைதான் கேள்வி. ஒவ்வொரு தடவையும் கழற்றி, வுழுச் செய்து (தொழுகைக்கு முன்னர் கைகால் முகம் கழுவுவது), திரும்பப் பூட்ட முடியவில்லை. தொழுகையைத் தள்ளவும் மனம் வரவில்லை. காலைத் தள்ளிவிட்டார். மௌலவியிடம் வீட்டுக்காரர் போய் விளக்கம் கேட்டுவந்த பிறகு, கதிரையில் இருந்து தொழுதார், காலும் திரும்ப வந்தது. மூன்றாமவருடைய வீடு கடற்கரை வளவு. ஆஸ்பத்திரிச் சீமெந்து நிலத்தில் நன்றாக நடந்தவர், வீட்டு வாசலில் மணலுக்குள் பாதம் புதைந்து விழுந்தார். அதற்குப் பிறகு பயம். கிணற்றடி வரைக்கும் கல் பதித்துக் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது.

காலைக் கொடுக்கிறவர்கள் அந்த மனிதருடைய நிலத்தையும் பழக்கத்தையும் கேட்காவிட்டால் கால் அலுமாரிக்குப் பின்னால்தான் போகும். இந்தியாவின் ஜெய்ப்பூரில் 1960களின் கடைசியில் இதேதான் நடந்தது. மேல்நாட்டுப் பாணிக் கால்களுக்குச் சப்பாத்து வேண்டும், குந்தி இருக்க முடியாது, சேற்றில் இறங்க முடியாது. ஏழைக் கமக்காரர்கள் அவற்றைக் கழற்றி வைத்தார்கள். ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர், டொக்டர் பி. கே. சேத்தி முதலானவர்களோடு சேர்ந்து, வெறுங்காலோடு நடக்க, குந்த, சம்மணம் போட ஏற்ற ரப்பர்ப் பாதத்தைச் செய்தார். அதுதான் ஜெய்ப்பூர்க் கால். நம் நாட்டிலும் எத்தனையோ பேர் அதில் நடக்கிறார்கள். வயலில் எப்படி நிற்பார்கள், வீட்டில் எப்படி இருப்பார்கள் என்பதிலிருந்து பிறந்த பாதம் அது.

உம்மாவின் காரணம் தெரியும்வரை இவற்றைச் செய்யுங்கள். இரவில் காலைக் கழற்றியதும் எஞ்சிய பகுதியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துவாயால் ஒற்றி நன்றாகக் காயவிடுங்கள். அடிப்பக்கத்தைக் கண்ணாடி பிடித்துப் பாருங்கள். சீனி வருத்தக்காரருக்கு நோ தெரியாது, கண்தான் பார்க்க வேண்டும். கழற்றிக் கொஞ்ச நேரத்திலும் மறையாத சிவப்பு இருந்தால் போடுவதை நிறுத்திவிட்டுக் கால் செய்த இடத்துக்கே போங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்க விடாதீர்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும், அதற்குப் பிறகு எந்தக் காலும் பூட்ட முடியாது. மற்றக் காலையும் தினமும் பாருங்கள், அதுதான் இப்போது உம்மாவின் முதல்.

எல்லாம் கேட்டு, எல்லாம் விளங்கி, அதற்குப் பிறகும் 'எனக்குச் சக்கர நாற்காலி போதும்' என்று உம்மா சொன்னால், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். அது தோல்வி இல்லை. நாற்காலியில் குசினிக்குப் போய் வட்டிலப்பம் அவிக்கிறவர், காலைப் பூட்டிக்கொண்டு மண்டபத்தில் சும்மா இருப்பவரை விட நன்றாக இருக்கிறார்.

*

'நான் இயன்மருத்துவப் பயிற்சியில் இருக்கிறேன். "நோயாளியின் விருப்பப்படி சிகிச்சை" என்று வகுப்பில் படித்தோம். கிளினிக்கில் ஒரு காலையில் 40 பேர் வரிசையில். ஒவ்வொருவரிடமும் இருந்து கதை கேட்க எங்கே நேரம்?' – ஒரு மாணவி, கல்முனை

பிள்ளை, நேரம் இல்லை என்பது உண்மை. அந்த வரிசையில் நானும் நின்றவள்.

2012-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இரண்டு பேர், பாரியும் எட்ஜ்மன்-லெவிட்டனும், ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். நோயாளியிடம் 'உங்களுக்கு என்ன வருத்தம்?' என்று கேட்பதோடு 'உங்களுக்கு எது முக்கியம்?' என்றும் கேளுங்கள் என்றார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் வர ஒரு நிமிடம் போதும். அதை அவருடைய கார்ட்டின் தலைப்பில், நோயின் பெயருக்கும் மேலே, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வை. 'இடது முழங்கால் மடிப்பு 90 பாகை' என்று எழுதாதே, 'மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு நடந்து போகணும்' என்று எழுது. அடுத்த முறை நீ இல்லாமல் வேறொருவர் பார்த்தாலும் அந்த வரியில் இருந்து தொடங்குவார். தாதி மிஸ்மாரும் டொக்டரும் பேச்சுச் சிகிச்சைக்காரரும் அதே வரியைப் பார்ப்பார்கள். ஆளுக்கொரு பக்கம் இழுப்பது குறையும்.

அந்த ஒரு நிமிடத்தை எடுக்காமல் விட்டதன் விலையை எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், நான் அப்போது இருந்த ஆஸ்பத்திரியில், கால் இழந்த ஒருவருக்கு நாங்கள் மூன்று மாதம் நடை பழக்கினோம். சமாந்தரக் கம்பிகளுக்கு நடுவில், பிறகு ஊன்றுகோலில், பிறகு ஒன்றும் இல்லாமல். பதிவேட்டில் 'தனியாக நடக்கிறார்' என்று எழுதி, எல்லோரும் சந்தோசமாக அனுப்பிவைத்தோம். ஆறு கிழமை கழித்து, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் இரண்டு கையையும் ஊன்றித் தவழ்ந்து வந்து, 'வாங்க மிஸ், இருங்க' என்று பாயை விரித்தார். மண் நிலம், உயரமான திண்ணை, வரம்பால் போய்த்தான் கிணறு. அவருடைய வீடு எப்படி இருக்கும் என்று மூன்று மாதத்தில் எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்குத் தேத்தண்ணி வைக்க அவர் தவழ்ந்து குசினிக்குப் போனதை இன்றைக்கும் நினைத்தால் தொண்டை அடைக்கும். அதற்குப் பிறகு வரம்பு மாதிரி ஒரு மண் திட்டை ஆஸ்பத்திரி வளவிலேயே போடுவித்தோம்.

நாற்பது பேரில் இன்றைக்கு நாலு பேரிடம் கேள். அதிலிருந்து தொடங்கு.

*

'எனக்கு 26 வயது. மூன்று வருடத்துக்கு முன்னர் தென்னையால் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலியில் இருக்கிறேன். கிளினிக்குக்குப் போனால் டொக்டர் அம்மாவைப் பார்த்து "தம்பி சாப்பிடுறாரா? நித்திரை கொள்ளுறாரா?" என்று கேட்கிறார். நான் பக்கத்திலேயே இருக்கிறேன். எனக்கு போன் திருத்தத் தெரியும், விழுவதற்கு முன்னமே பழகியது. பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டிக் களுவாஞ்சிகுடியில் ஒரு சின்ன அறை எடுத்துக் கடை போட ஆசை. "நீ ஏன் கஷ்டப்படணும், நாங்க இருக்கமே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் கேட்பது பிழையா?' – ஒரு தம்பி, படுவான்கரை

பிழையே இல்லை, தம்பி. அம்மா சொல்லச் சொல்ல எழுதாமல் நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், அதுவே எனக்குப் பெரிய சந்தோசம்.

முதலில் கிளினிக் கதை. அடுத்த முறை கிளினிக் கொப்பியை உங்கள் மடியில் வைத்திருங்கள், அம்மாவின் கையில் வேண்டாம். முதல் நாள் இரவே மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் உங்கள் நாற்காலியை மேசைக்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்துங்கள், அம்மா பின்னால் நிற்கட்டும். டொக்டர் அம்மாவைக் கேட்டால், அம்மாவுக்கு முன்னரே நீங்கள் பதில் சொல்லுங்கள், மரியாதையாக, சத்தமாக: 'நான் நல்லா நித்திரை கொள்ளுறன் டொக்டர், எனக்கு வேறு ஒன்று கேட்க இருக்கு.' அநேகமானவர்கள் உடனே உங்கள் பக்கம் திரும்பிவிடுவார்கள். கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, பழக்கம். அம்மாவிடமும் போகும் வழியிலேயே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் பாவம், தன்னைப் பேசவிடவில்லை என்று நினைப்பார்.

நீங்கள் கேட்பது சலுகையும் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க இந்த நாட்டில் 1996-ம் ஆண்டின் 28-ம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இதே உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சபையின் சாசனத்தை இலங்கை 2016-ல் ஏற்று உறுதிப்படுத்தியது. புனர்வாழ்வு என்பது ஒருவர் முடிந்தளவு சுயமாக வாழவும், சமூகத்தில் முழுதாகப் பங்குகொள்ளவும் உதவ வேண்டும் என்று அதன் 26-ம் உறுப்புரை சொல்கிறது. சுயதொழில் உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரை நீங்களே போய்ப் பாருங்கள். போன் திருத்தத் தெரியும் என்று சொல்வதை விட, திருத்திய இரண்டு போனைக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.

வீட்டுக்காரர் சொல்வது அன்புதான். ஆனால் அந்த அன்புக்குள் பயம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னர் உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அவர்கள். அந்தப் பயத்தை வாதாடித் தீர்க்க முடியாது, செய்து காட்டித்தான் தீர்க்கலாம். அம்மா எதற்குப் பயப்படுகிறார் என்று எனக்குத் தெரியும்: படுக்கைப்புண், சிறுநீர், விழுவது. இந்த மூன்றையும் உங்கள் கைக்கு எடுங்கள். காலையும் இரவும் கண்ணாடி பிடித்துப் பின்பக்கத்தையும் குதிக்காலையும் நீங்களே பாருங்கள். நாற்காலியில் இருக்கும்போது அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது கையை ஊன்றி உடம்பைத் தூக்குங்கள், அல்லது முன்னுக்கு நன்றாகக் குனிந்திருங்கள். போன் திருத்துகிறவருக்கு நேரம் போவது தெரியாது, அதனால் போனிலேயே அலாரம் வையுங்கள். சிறுநீர்க் குழாயை நேரத்துக்கு நீங்களே போட்டு எடுக்கிற முறை உங்களுக்குச் சரிவருமா என்று கேளுங்கள், அதுதான் மூன்று கேள்வியில் முதல் கேள்வியாக இருக்கட்டும். இரண்டு மாதம் அம்மாவின் கை படாமல் இவ்வளவும் நடந்தால், அறை எடுக்கும் கதையை வீட்டில் வேறு மாதிரிக் கதைக்கலாம்.

இனி அறை. உலக சுகாதார நிறுவனம் 2001-ல் இயலாமை என்பதைப் புதிதாக வகுத்தபோது, அது உடம்பில் மட்டும் இருப்பதில்லை, படியிலும் வாசலிலும் சனங்களின் மனப்போக்கிலும் இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டது. உங்கள் முள்ளந்தண்டை என்னால் மாற்ற முடியாது. வாசலை மாற்றலாம். அட்வான்ஸ் கொடுக்க முன்னர் ஒரு அளவு நாடாவோடு போங்கள். நாற்காலியின் அகலத்தை, இரண்டு சக்கரத்தின் வெளிவளையத்தையும் சேர்த்து அளவுங்கள். பிறகு கதவைத் திறந்துவிட்டு, நிலையின் ஒரு பக்கத்தில் இருந்து கதவுப் பலகை வரைக்கும் அளவுங்கள். நிலைக்கு நிலை அளந்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர், பலகையின் தடிப்பு ஒன்றரை அங்குலத்தைத் தின்றுவிடும். 32 அங்குலம் இருந்தால் நிம்மதி. மலசலகூட வாசல் எப்போதும் ஒடுக்கமாகத்தான் இருக்கும். அங்கே கதவைக் கழற்றிவிட்டுத் திரை போட்டால் ஏறக்குறைய இரண்டு அங்குலம் மிஞ்சும், சில இடத்தில் அந்த இரண்டு அங்குலம்தான் போவதற்கும் போகாமல் விடுவதற்கும் இடையில் நிற்கிறது. இல்லாவிட்டால், வெளிப்பக்கம் முழுதாக மடிகிற பிணைச்சலை ஓடாவியிடம் சொல்லிப் போடுவிக்கலாம்.

சாய்வுப் பாதைக்கு மேசன்மார் சொல்கிற கணக்கைக் கேட்காதீர்கள், மோட்டார்சைக்கிள் ஏற்றுகிற சரிவில் போட்டுவிடுவார்கள். ஒரு அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம், இதுதான் கணக்கு. படி எட்டு அங்குலம் என்றால் சாய்வு எட்டடி. கடைக்கு முன்னால் அவ்வளவு இடம் இல்லாவிட்டால் வேறு அறை பாருங்கள், வீதிக்குச் சரிமட்டமாக ஒன்று கிடைக்கும்வரை பொறுங்கள்.

விழுவீர்களா? ஒரு நாள் விழலாம். பால மேட்டில் கை சோர்ந்து ஓட்டோவை மறிக்க வேண்டிவரலாம். முதல் மாதம் வாடகைக் காசும் தேறாமல் போகலாம். கடை போடுகிற எல்லாத் தம்பிமாருக்கும் உள்ள ஆபத்துத்தான் அது. உங்களுக்கு மட்டும் அந்த ஆபத்தை எடுக்க உரிமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, என்னையும் சேர்த்து.

அடுத்த கடிதத்தில் மூன்று அளவு எழுதுங்கள்: நாற்காலியின் அகலம், அறை வாசலின் அகலம், படியின் உயரம். மேசை உயரத்தை நான் சொல்கிறேன், முழங்கால் உள்ளே போகிற மாதிரி.